டிஜிட்டல் பியானோ, கீபோர்டு, இசைச் செயலி: செட்டிநாட்டு வீடுகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கீபோர்டும் பியானோவும் சொல்லிக்கொடுக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெற்றோரும் பாடகர்களும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கருவியின் விலைக்குத் தரும் கவனத்தில் கால்வாசியையாவது அது இருக்கப்போகும் அறைக்கும், அதன் ஒலியைக் கேட்கும் ஸ்பீக்கருக்கும் தாருங்கள் என்பதுதான் பெரும்பாலான பதில்களின் சாரம்.

எட்டு வயது மகளுக்கு வாங்க வேண்டும். 61 கட்டை கீபோர்டா, 88 கட்டை டிஜிட்டல் பியானோவா?

அவள் என்ன கற்கப்போகிறாள்? சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, கர்நாடக சங்கீதம் என்றால் 61 கட்டை தாராளம். மேற்கத்திய பியானோ என்றால் 88 கட்டையும், சுத்தியல் அமைப்பு கொண்ட கனமான கட்டைகளும் வேண்டும். உண்மையான பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டுகிறது. அந்தக் கனத்தை டிஜிட்டல் பியானோ விரலுக்குத் தருகிறது. இலேசான கட்டையில் இரண்டு வருடம் பழகிய பிள்ளை பிறகு கனமான கட்டைக்கு வந்தால் விரல் திணறும்.

லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைக் கிரேடு தேர்வு எழுத வைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் அங்கே தனித்தனிப் பாடத்திட்டம். எந்தத் தேர்வு என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். வாங்கிக்கொண்டு வந்து கேட்காதீர்கள்.

எதை வாங்கினாலும் தொடு உணர்வு கட்டாயம். மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்க வேண்டும். அது இல்லாத கீபோர்டு விளையாட்டுச் சாமான்தான், என்ன விலை கொடுத்திருந்தாலும்.

கடையில் எப்படிச் சோதிப்பது? எனக்கு வாசிக்கத் தெரியாதே?

வாசிக்கத் தெரிய வேண்டாம், காது போதும். மதுரைக்கோ திருச்சிக்கோ போய்ப் பார்ப்பதானால் வீட்டிலிருந்து கம்பியுள்ள ஹெட்போன் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் முதலில் டெமோ பொத்தானைத்தான் அழுத்திக் காட்டுவார்கள். அது உள்ளே பதிந்து வைத்த பாட்டு. எந்தக் கருவியிலும் அருமையாகத்தான் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பியானோ ஒலியை வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் ஒரே கட்டையை மிக மெதுவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக வேகம் கூட்டிப் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்துங்கள். ஒலியின் அளவு மட்டும் கூடினால் சுமார் ரகம். மெதுவாக அழுத்தும்போது மங்கலாகவும் ஓங்கி அழுத்தும்போது கணீரென்றும் ஒலியின் குணமே மாறினால் நல்ல ரகம். பெரிய பியானோவின் ஒவ்வொரு சுரத்தையும் பல வேகங்களில் தட்டிப் பதிவு செய்து அடுக்குகளாக உள்ளே வைக்கிறார்கள். அடுக்குகள் குறைவாக இருந்தால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடம் காதுக்குத் தெரியும்.

அடுத்து, இடதுபக்கக் கோடியிலுள்ள ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஹெட்போனில் கேளுங்கள். ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும். சீக்கிரம் அறுந்தாலோ, ‘வாவ் வாவ்’ என்று ஒரே துண்டு சுற்றிச் சுற்றி வந்தாலோ செலவைக் குறைத்த இடம் அதுதான். பிறகு இடமிருந்து வலமாகக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகள் வேறு வேறு பியானோவைப் போல ஒலித்தால், ஒரே பதிவைப் பல கட்டைகளுக்கு இழுத்து நீட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

கடைசியாக, ஒலியை முழுதும் குறைத்துவிட்டுக் கட்டைகளை வேகமாகத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்ற சத்தம் எவ்வளவு வருகிறது? இரவு பத்து மணிக்குப் பக்கத்து அறையில் தூங்குபவர் கேட்கப்போவது அதைத்தான்.

மாடல் பெயர் சொல்லுங்கள் சார்.

ஆரம்ப நிலை 88 கட்டையில் மூன்றை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன்: யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10. கட்டையின் தொடுகைக்கு என் ஓட்டு ரோலண்டுக்கு. கேசியோ ஆறு சிறிய பேட்டரிகளிலும் ஓடும்; மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முழுவதும் மின்சாரம் நிற்கும் நாட்களில் அதன் அருமை தெரியும். யமஹா எளிமையானது, தொந்தரவில்லாதது.

ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்கலாம் என்ற கணக்கை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். யமஹாவிலும் கேசியோவிலும் 64, ரோலண்டில் 96. இருப்பது பத்து விரல்தானே என்று தோன்றும். ஆனால் பெடலை மிதித்துக்கொண்டு வாசித்தால் பழைய சுரங்கள் அணையாமல் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டீரியோ ஒலியில் ஒரு சுரம் இரண்டாகக் கணக்காகும். அப்படியும் முதல் சில வருடங்களுக்கு 64 போதும். மேலே போக வசதி இருந்தால் யமஹா பி-225, கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.

நான் பார்த்த கீபோர்டில் நூற்றுக்கணக்கில் ஒலிகள் இருக்கின்றன. அதைவிட விலை கூடிய பியானோவில் பத்துதான். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. மேலே சொன்ன பி-145, சிடிபி-எஸ்110 இரண்டிலும் பத்துப் பத்து ஒலிகள்தான். கொடுத்த காசு கட்டைகளுக்கும் அந்த ஒன்றிரண்டு பியானோ ஒலிகளுக்கும் போயிருக்கிறது. கீபோர்டில் அதே காசு துப்பாக்கிச் சத்தம், நாய் குரைப்பு உட்பட நூற்றுக்கணக்கில் பங்கு பிரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டு வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) வைத்து வாசித்தால் எல்லாம் கலங்கலாகக் கேட்கிறது. கடையில் நன்றாக இருந்ததே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கருவியில் குறையே இல்லை. உங்கள் ஐயா கட்டிய வீடு அப்படி.

கீழே ஆத்தங்குடிக் கல், சில இடங்களில் இத்தாலியப் பளிங்கு. சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த கண்ணாடிப் பூச்சு. பர்மா தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடி. ஒலியை உறிஞ்சிக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை; பட்டதெல்லாம் திருப்பி அனுப்பும். வளவின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஒரு ‘ர்ர்ர்’ ஒலி தொடரும். ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்பி வரச் சுமார் 60 மில்லி வினாடி. வேகமான பாட்டில் அதற்குள் அடுத்த சுரம் நெருங்கிவிடும். பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. முற்றம் வானம் பார்த்துத் திறந்திருந்தால் கொஞ்சம் ஒலி மேலே போய்த் தொலையும். குரங்குக்கும் மழைக்கும் பயந்து ஃபைபர் தகடு போட்டு மூடிய வீடுகளில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

போதாக்குறைக்குக் கருவிக்குள் ‘ரிவெர்ப்’ என்று ஒன்று இருக்கிறது. சிறிய அறையில் வாசிப்பவருக்குப் பெரிய மண்டபத்தில் இருப்பதுபோல் எதிரொலி சேர்த்துக் கொடுக்கும் வசதி. பெரும்பாலான கருவிகளில் தொழிற்சாலையிலிருந்தே ‘ஹால்’ என்று போட்டுத்தான் அனுப்புகிறார்கள். உண்மையான ஹாலிலேயே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது எதற்கு? முதல் வேலையாக அதை முழுவதும் அணையுங்கள். பாதிக் கலங்கல் அப்போதே தெளியும்.

மீதிப் பாதிக்கு: கருவியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், மூலையில் போடவே போடாதீர்கள், தாழ்ந்த சுரங்களின் ஒலி மூலையில் ஊதிப் பெருகும். ஒலியைக் கூட்டுவதற்குப் பதிலாக ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்தில், ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். காலடியில் கனமான ஜமக்காளம் விரியுங்கள். இத்தனைக்கும் மசியாவிட்டால் வளவை விட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போங்கள். விசேஷத்துக்கு வருபவர்களுக்கென்று மெத்தையும் தலையணையும் அடுக்கி வைத்திருப்பீர்களே, அந்த அறைதான் வீட்டிலேயே சிறந்த இசைக்கூடம். பஞ்சு ஒலியை விழுங்கும்.

ஹெட்போனில் வாசிக்கும்போது மட்டும் ரிவெர்பைக் கொஞ்சம் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அப்போது அறை என்பதே இல்லை. ஒலி வறண்டு கேட்கும்.

பெடல் வழுக்கிக்கொண்டே போகிறது.

கூடவே கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெடல் ஆத்தங்குடித் தரையில் நிற்காது. மிதிக்க மிதிக்க முன்னால் ஓடும்; பிள்ளை காலை நீட்டி நீட்டி நாற்காலி விளிம்புக்கு வந்துவிடும். அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுங்கள், அல்லது பியானோ வடிவக் கனமான பெடல் தனியாக வாங்குங்கள். இன்னொன்று: மிதித்தால் ஒலி நின்று, காலை எடுத்தால் நீண்டு, தலைகீழாக வேலை செய்கிறதா? சுவிட்ச் போடும் நேரத்தில் கால் பெடல்மேல் இருந்திருக்கும். பல கருவிகள் பெடலின் திசையை அந்த நொடியில்தான் கண்டறிகின்றன. அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

புளூடூத் ஹெட்போனில் வாசிக்கலாமா?

பாட்டுக் கேட்கலாம், வாசிக்க முடியாது. அழுத்திய பிறகு காதுக்கு வந்து சேர 100 முதல் 200 மில்லி வினாடி, சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். பத்து மில்லி வினாடிக்குள் என்றால் விரல் உணராது. நூறைத் தாண்டினால் தாளமே குழம்பும். கம்பியுள்ள ஹெட்போன் போதும். பெரிய துளை கொண்ட கருவியானால் 6.35 மில்லிமீட்டர் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

‘புளூடூத் மிடி’ என்பது வேறு. அதில் ஒலியே போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், எப்போது விட்டார் என்ற செய்தி மட்டும் போகிறது. தாமதம் குறைவு, பயிற்சிச் செயலிகளுக்குப் பயன்படும்.

கீபோர்டின் சொந்த ஒலி பிடிக்கவில்லை. செயலி மூலம் நல்ல பியானோ ஒலி எடுக்க முடியுமா?

முடியும், கட்டைகள் நன்றாக இருந்தால். கருவியின் பின்னால் பெரும்பாலும் சதுரமான யூ.எஸ்.பி. துளை இருக்கும். அதிலிருந்து போனுக்கோ மடிக்கணினிக்கோ ஒரு கேபிள். 1983-இல் நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட மிடி முறை இன்றும் அப்படியே வேலை செய்கிறது. அழுத்தும் வேகத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக அனுப்பும். அந்த எண்ணுக்கு ஏற்ற ஒலியைச் செயலி எழுப்பும்.

ஐபோன், ஐபேடு என்றால் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டில் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப் இலவசம். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் தாமதம் உறுத்தும், வாங்குமுன் உங்கள் போனிலேயே பார்த்துவிடுங்கள். கணினி இருந்தால் கதவு அகலத் திறக்கிறது. யமஹா சி5 பியானோவை 16 வேக அடுக்குகளில் பதிந்த சாலமாண்டர் கிராண்ட் பியானோ இலவசம். பியானோடெக் என்ற மென்பொருள் பதிவுகளையே வைத்துக்கொள்ளாமல் கம்பியும் பலகையும் அதிரும் விதத்தைக் கணக்கிட்டு ஒலி எழுப்புகிறது; பழைய மடிக்கணினியிலும் இடத்தை அடைக்காது. காசு போட்டு வாங்குவதில் என் தேர்வு அதுதான்.

இணைத்ததும் ஒவ்வொரு சுரமும் இரண்டிரண்டாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். கருவியும் பாடுகிறது, செயலியும் பாடுகிறது. கருவியின் அமைப்பில் ‘லோக்கல் கண்ட்ரோல்’ என்பதை அணைத்துவிடுங்கள். செயலியின் ஒலி எப்போதும் கத்துவதாகவோ முனகுவதாகவோ தோன்றினால் ‘டச் கர்வ்’ அல்லது ‘வெலாசிட்டி கர்வ்’ என்ற இடத்தில் (எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு ஒலி என்ற அமைப்பு) மாற்றிப் பாருங்கள். செயலியைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்பவர் மிகக் குறைவு.

அப்பத்தா ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார். பேரன் ‘சி’ கட்டையிலிருந்துதான் வாசிப்பான். என்ன செய்வது?

டிரான்ஸ்போஸ் பொத்தான் இதற்காகத்தான். ஒரு கட்டை சுருதி என்பது சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரைகள் கறுப்புக் கட்டைகள்; ஐந்தரை என்றால் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில் இருப்பது. டிரான்ஸ்போஸை -4 என்று வைத்தால் பேரன் நடு சி-யை அழுத்தும்போது அப்பத்தாவின் ஆதார ஷட்ஜம் ஒலிக்கும், சுமார் 208 ஹெர்ட்ஸ். நாலரைக் கட்டைக்கு -6.

பாட்டுக்குத் துணை வாசிக்க இது தப்பே இல்லை. மேற்கத்திய பியானோ கற்கும் பிள்ளையிடம் மட்டும் அந்தப் பொத்தானைக் காட்டாதீர்கள்.

வீட்டில் பழைய ஆர்மோனியமும் சேர்ந்து வாசித்தால் சுருதி இழையாமல் நெருடலாம். முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலிருந்து வந்த ஆர்மோனியங்கள் எல்லாம் ஏ-க்கு 440 ஹெர்ட்ஸ் என்ற இன்றைய அளவில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆர்மோனியத்தை மாற்றுவது கஷ்டம்; டிஜிட்டல் கருவியில் ‘மாஸ்டர் ட்யூனிங்’ என்ற இடத்தில் நூலிழையாக ஏற்றி இறக்கி அதோடு சேர்த்துவிடலாம்.

கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) வருமா?

பியானோ ஒலியில் வராது. கீபோர்டின் இடது ஓரத்தில் சக்கரமோ குச்சியோ இருந்தால், புல்லாங்குழல், வயலின் போல நீண்டு நிற்கும் ஒலிகளில் ஓரளவு வரும். வழக்கமாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வளைக்கும். வலது கை சுரத்துக்கும் இடது கை வளைவுக்கும் என்று பழக வருடங்கள் ஆகும். ஐபேடில் ஜியோஷ்ரெட் செயலியில் விரலை இழுத்தே வளைக்கலாம். கமகத்துக்கு அது கீபோர்டைவிட இயல்பு.

வீணை ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. வீணைக் கலைஞர்களான சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களின் பெயரோடு சேர்ந்த ஊர் இது. கீபோர்டில் ‘வீணை’ என்று எழுதியிருப்பதை இங்கே நாலு பேர் முன்னால் வாசிப்பதானால் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

கல்யாண வீட்டில் மைக்செட்டோடு சேர்த்தால் பியானோ ஒலி தகரமாகிவிடுகிறது.

இரண்டு காரணம். கருவி தருவது இடம், வலம் என்று இரண்டு ஒலிகள். மைக்செட் பெரும்பாலும் ஒன்றாகச் சேர்த்துத்தான் ஒலிபரப்பும். சேரும்போது சில பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி உள்ளீடற்றுப்போகும். ‘எல்/மோனோ’ என்று எழுதிய துளை இருந்தால் அதில் மட்டும் கேபிளைச் செருகுங்கள், அல்லது ‘மோனோ பியானோ’ என்ற ஒலி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, மைக்செட்காரர் பேச்சுக்காகக் கூர்மையைக் கூட்டி வைத்திருப்பார். உங்கள் கருவிக்கு மட்டும் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். கருவியின் ஒலியை முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு மீதியை அவரிடம் விடுங்கள்; நீங்களும் கூட்டி அவரும் கூட்டினால் கரகரப்புதான் மிஞ்சும்.

ஸ்பீக்கரில் ‘உம்ம்ம்’ என்ற இரைச்சல் நிற்கவே மாட்டேன் என்கிறது.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் கோளாறு. பழைய வீடுகளில் இரண்டு துளை பிளக் பாயிண்டுகள் இன்னும் இருக்கின்றன. எர்த் கம்பியே கிடையாது. எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு பாயிண்டுக்காவது முறையாக எர்த் போட்டு, எல்லாக் கருவிகளையும் அந்த ஒன்றிலிருந்தே எடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறையும்.

வாசித்ததைப் போனில் பதிந்து சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினால் கேவலமாக இருக்கிறதாம்.

போனின் மைக்கில் பதியாதீர்கள். அறையும் மின்விசிறியும்தான் பதிவாகும். கேபிள் வழியாகச் செயலிக்குள் பதியுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாமல், கோப்பை டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள். குரல் செய்தி பேச்சுக்காக ஒலியை நசுக்கிச் சுருக்கும்.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த கீபோர்டு. திருவிழாவுக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கு) வரும்போதுதான் வீட்டைத் திறப்போம். எப்படி வைத்துவிட்டுப் போவது?

முதலில் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பின்னை மட்டும் மாற்றி இங்கே போடலாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். வேறு அடாப்டர் வாங்குங்கள். வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற சின்னப் படம் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது.

வீட்டைப் பூட்டும்போது பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே தகடுகளை அரித்துவிடும். கட்டைகளின் இடுக்கில் எறும்பும் பல்லியும் குடியேறாமல் இருக்க, கருவியைத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, உறைக்குள் வைத்துத் தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். கீழ்வாசலை (திறந்த முற்றத்தை) ஒட்டிய அறை வேண்டாம். ஓட்டுக்கு நேர் கீழே, வெயிலில் வேகும் மாடியறையும் வேண்டாம். திரும்பி வந்ததும் முதலில் எல்லாக் கட்டைகளையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் ஓங்கிக் கத்தினாலோ ஒலிக்கவே மறுத்தாலோ உள்ளே ரப்பர் தொடுபகுதியில் தூசி ஏறியிருக்கும். திறந்து சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காகப் புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை.